எலைட் டேஞ்சரஸ்: அடுத்த கப்பலை வாங்குவதற்கு முன்

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்ற லாரி வாங்க நினைப்பவர், லாரியின் விலையை மட்டும் விசாரிப்பதில்லை. சாலை வரி எவ்வளவு, காப்புறுதி எவ்வளவு, தோட்டத்துக்குள் இருக்கும் சிறு பாலம் அந்த எடையைத் தாங்குமா என்பது வரை கேட்டறிந்த பிறகுதான் முன்பணம் கொடுப்பார். அதே வீட்டுப் பிள்ளை இரவில் எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை விளையாட அமர்ந்தால், வாரக்கணக்கில் சேர்த்த கிரெடிட் எனும் விளையாட்டுப் பணம் முழுவதையும் ஒரே விண்கப்பலில் போட்டுவிட்டு, மறுநாள் பசியாறும் நேரத்தில் "அண்ணே, எல்லாம் போச்சு" என்று வந்து நிற்கிறான்.

போனதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். 2014 டிசம்பரில் வெளிவந்த இந்த விளையாட்டில் கப்பல் அழிந்தால், கப்பலும் அதில் பொருத்திய கருவிகளும் சேர்ந்த மொத்த மதிப்பில் 5 விழுக்காட்டைக் கட்டி அதை மீட்கலாம். கட்ட இயலாவிட்டால், சிறிய கடன் வசதி தீர்ந்த பிறகு, சைட்வைண்டர் என்ற இலவசச் சிறு கப்பலில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பைத்தான் கப்பலின் விலை ஏறத்தாழ 57 மில்லியன் கிரெடிட். நல்ல கருவிகளைப் பொருத்தி மொத்த மதிப்பு 100 மில்லியனைத் தொட்டால், ஒவ்வொரு விபத்துக்கும் 5 மில்லியன் தேவைப்படும். ஏற்றியிருந்த சரக்கு இந்தக் கணக்கில் சேராது; அது போனது போனதுதான். ஆகவே கப்பலின் விலை, கருவிகளின் விலை, குறைந்தது இரண்டு முறை மீட்பதற்கான தொகை, முதல் சரக்கை வாங்குவதற்கான பணம் ஆகிய நான்கும் கையில் இருந்தாலொழிய வாங்க வேண்டாம் என்பதே என் கண்டிப்பான கருத்து.

கப்பல் தளத்தில் காட்டப்படும் விலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த விலைக்குக் கிடைப்பது அநேகமாக 'இ' தரக் கருவிகளோடு கூடிய கப்பல் ('ஏ' உயர்ந்த தரம், 'இ' கடைசித் தரம்). ஒரு தாவலில் எத்தனை ஒளியாண்டு கடக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஃபிரேம் ஷிஃப்ட் டிரைவை மட்டுமாவது 'ஏ' தரத்துக்கு மாற்றினால்தான் அந்தக் கப்பலின் உண்மையான திறமை தெரியும். மற்றக் கருவிகளில், எடை குறைந்த 'டி' தரமே நீண்ட பயணத்துக்கு ஏற்றது. எடை கூடினால் தாவும் தூரம் குறையும்.

அடுத்து, பாலத்தின் கதை. இங்கே பாலம் என்பது இறங்கு மேடை. விண்வெளி நிலையங்களில் சிறிய, நடுத்தர, பெரிய மேடைகள் உண்டு. ஆனால் அவுட்போஸ்ட் எனப்படும் சிறு நிலையங்களில் பெரிய மேடை கிடையாது. டைப்-7 சரக்குக் கப்பலை வாங்கிய புதிதில், சரக்கறை நிறையச் சரக்கோடு ஓர் அவுட்போஸ்டின் வாசலில் நின்று இறங்க அனுமதி கேட்டேன், மறுத்தார்கள். மறுபடியும் கேட்டேன், மறுபடியும் மறுப்பு. பார்வைக்கு நடுத்தரக் கப்பல் போலத் தோன்றினாலும், டைப்-7 பெரிய மேடையில்தான் இறங்கும். பைத்தானோ நடுத்தர மேடையிலேயே இறங்கி, அதற்குச் சற்றுத்தான் குறைவாகச் சரக்கு ஏற்றும். விலை அதிகமாக இருந்தாலும் பைத்தானைப் பலர் விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

எந்த வேலைக்கு எந்தக் கப்பல் என்பதில் அதிகம் குழம்பத் தேவையில்லை. என்ன செய்யப் போகிறோம் என்று இன்னும் தெரியாதவருக்குச் சுமார் 350,000 கிரெடிட்டுக்குக் கிடைக்கும் கோப்ரா மார்க் 3 போதும். அது சண்டையும் போடும், சரக்கும் ஏற்றும், ஆபத்து வந்தால் வேகமாகத் தப்பியும் ஓடும். வணிகம் மட்டும் என்றால், ஒரு மில்லியனைச் சற்றே தாண்டும் டைப்-6. தொலைதூர ஆய்வுக்கு ஆஸ்ப் எக்ஸ்புளோரர்.

எதை வாங்கினாலும், ஊர் சுற்றும் கப்பலில் எரிபொருள் உறிஞ்சும் கருவியான ஃபியூவல் ஸ்கூப் இருக்கட்டும். ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை விண்மீன்களின் அருகில் மட்டுமே அது எரிபொருளை எடுக்கும். அதைப் பொருத்தாமல் ஹாலர் என்ற சிறு சரக்குக் கப்பலில் கிளம்பி, தொட்டி வற்றி, நடு இருட்டில் மிதந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்று என்னைக் காப்பாற்றியவர்கள் ஃபியூவல் ரேட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சக ஆட்டக்காரர்கள். காசு வாங்காமல் வந்து எரிபொருள் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

பழைய கப்பலை விற்றுப் புதியதை வாங்குவோர், கருவிகள் முழு விலைக்குப் போகும் என்பதையும், கப்பலின் உடலுக்கு 10 விழுக்காடு குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். கோப்ராவைப் பொறுத்தவரை, அதை விற்று வரும் தொகை பைத்தான் வாங்குவோருக்குப் பெரிதாக உதவாது, நிறுத்தி வையுங்கள்.

2024 முதல் சில புதிய கப்பல்கள் முதலில் ஆர்க்ஸ் எனப்படும் தனி நாணயத்துக்கு விற்கப்பட்டு, சில மாதங்கள் கழித்தே கிரெடிட்டுக்கு வருகின்றன. ஆர்க்ஸை விளையாடிச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அவசரப்பட்டால் சொந்த ரிங்கிட்டைத்தான் கொடுக்க வேண்டும். பொறுத்திருந்தால் அதே கப்பலைக் கிரெடிட்டிலேயே வாங்கிவிடலாம். "எல்லாம் போச்சு" என்று வந்த தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அவன் இப்போது கோப்ராவில் சரக்கு ஓட்டுகிறான். மாலையில் இடி இடித்தால் மட்டும், மின்சாரம் போவதற்குள் எங்காவது ஒரு மேடையில் இறங்கிவிடுகிறான்.