செங்குத்து ஏற்றத்தில் சைக்கிள் பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலைச் சவாலுக்குப் பெயர் கொடுத்தவுடன் பலர் செய்வது, இருப்பதிலேயே செங்குத்தான ஏற்றத்தைத் தேடிப்போய் முழு மூச்சாக மிதிப்பதுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அடிவாரத்தில் கால் தெம்பாக இருக்கும். அதை நம்பிப் பாய்ந்தால் பாதி வழியில் தொடை எரியத் தொடங்கும், அப்புறம் வேகத்தைக் குறைத்தாலும் மூச்சு சீக்கிரம் நிலைக்கு வராது. முதல் பத்து நிமிடம் பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியமாவது திணறாமல் பேச முடிய வேண்டும். முடியவில்லையென்றால் வேகம் அதிகம்.

அடுத்தது கியர். இதில்தான் வீண் வீம்பு அதிகம். 10 சதவீத ஏற்றம் என்றால் 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்கிறீர்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே கிட்டத்தட்ட 200 வாட் தேவை. ரோடு சைக்கிளில் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 28 பல் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்குச் சுமார் 52 சுற்றுதான் சுற்றும். பின்னால் 34 பல் இருந்தால் 63 சுற்று. வேகமும் வாட்டும் மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் குறைகிறது. பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டுவது பலவீனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். மணிக்கணக்காக ஏறப்போவது உங்கள் முழங்கால்.

கியரை மாற்றும் நேரமும் முக்கியம். சரிவு கூடிய பிறகு, முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் ‘கடக்’கென்று முரண்டு பிடிக்கும், சில சமயம் கழன்றே விடும். வளைவுக்கு அப்பால் சாலை எழும்புவது தெரிந்ததுமே மாற்றிவிடுங்கள். தாமதமாகிவிட்டால், அரைச் சுற்று மிதியைத் தளர்த்தி மாற்றுங்கள்.

மிகச் செங்குத்தான இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள். எழுந்து நின்று மிதிப்பது இடுப்புக்குக் கொஞ்சம் ஓய்வு தரும், ஆனால் இதயத்துடிப்பை ஏற்றிவிடும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் போதும்.

மூன்று நிமிட மேடுகளிலேயே திரும்பத் திரும்ப ஏறுவதும் தவறுதான். பிரான்ஸின் ஆல்ப் டூயே ஏற்றம் 13.8 கிலோமீட்டர், சராசரிச் சரிவு 8 சதவீதம். பலருக்கு அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத மிதி. அதற்குப் பழக நீளமான ஏற்றம் கிடைக்காவிட்டால், சமதளத்தில் எதிர்காற்றில் 20 நிமிடம் ஒரே சீராக மிதித்து, சற்று இளைப்பாறி, மீண்டும் மிதியுங்கள். தினமும் ஏறவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் கடுமையாக ஏறினால் போதும், மற்ற நாட்களில்தான் தசை தேறும்.

சாப்பாடு: பசித்த பிறகு என்றால் தாமதம். நீண்ட பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து வேண்டும். சரிவு தணியும் இடத்தில் வாயில் போடுங்கள், செங்குத்தில் மெல்ல மூச்சு இடம் தராது.

ஏறியதோடு பயிற்சி முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், இறங்கவும் பழக வேண்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தைத் தணித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். வியர்வையோடு இறங்கும்போது குளிர் விரலை மரக்கச் செய்யும், பிரேக் பிடிக்கும் கையே வராது. உச்சியிலேயே நின்று காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு இறங்குங்கள்.