சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டுச் சேவைகளை ஒருங்கிணைப்பது எப்படி?

மூன்று வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையின் வளர்ச்சியில் தாமதம் தென்படும்போது, அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைக்குள் பலர் ஒரே நேரத்தில் நுழைகிறார்கள். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், செவித்திறன் வல்லுநர், சிறப்பாசிரியர் என ஒவ்வொருவரும் தத்தம் துறையில் சரியானதையே சொல்லக்கூடும். ஆனால் அவர்கள் சொன்ன அனைத்தையும் ஒரே நாளுக்குள் செய்து முடிக்கும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது. இப்படிச் சிறு வயதிலேயே குழந்தைக்கும் குடும்பத்துக்கும் தரப்படும் உதவியைத்தான் ஆரம்பநிலை இடையீடு என்கிறோம். அதன் ஒருங்கிணைப்பாளரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது. சந்திப்பு நேரம் வாங்கித் தருவது அதில் சிறு பகுதி. வல்லுநர்கள் தருவதெல்லாம் அந்த வீட்டின் ஒரு நாளுக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதும், அடங்காதபோது எதை இப்போது எடுப்பது, எதைத் தள்ளி வைப்பது என்று குடும்பத்தோடு சேர்ந்து முடிவு செய்வதுமே பெரும்பகுதி. இந்தப் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் சில நாட்கள்

பரிந்துரைப் படிவம் வந்ததும் குடும்பத்தை அழைத்து, நீங்கள் யார், யார் சொல்லி அழைக்கிறீர்கள், சேவையை ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் உரிமை என்ற மூன்றையும் முதலில் சொல்லிவிடுங்கள். படிவத்தில் எழுதியிருக்கும் குறைபாட்டின் பெயரைப் பெற்றோர் இன்னும் கேள்விப்படாமலே இருப்பதுண்டு. அதை உங்கள் வாயிலிருந்து முதன்முதலாக அவர்கள் கேட்க நேர்ந்தால், அந்த அழைப்பை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஆகவே, "மருத்துவர் உங்களிடம் என்ன சொன்னார்?" என்று கேட்டு, அவர்கள் பயன்படுத்தும் சொல்லையே நீங்களும் பயன்படுத்துங்கள்.

அடுத்து வயதைக் கணக்கிடுங்கள். 37 வாரம் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தையாக இருந்தால், பிறந்த தேதியை வைத்து மட்டும் வளர்ச்சியை அளவிடக் கூடாது. 32 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இன்று ஆறு மாதம் என்றால், எட்டு வாரத்தைக் கழித்து ஏறத்தாழ நான்கு மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இந்தக் கழிவைக் கணக்கில் கொள்வது வழக்கம். அதேபோல, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வின்படி, துணையின்றி நடக்கத் தொடங்கும் இயல்பான காலம் 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கலங்கி நிற்கும் பெற்றோரிடம் இந்த எண்களைச் சொல்வதில் பயன் உண்டு. ஆனால் "பொறுத்திருந்து பார்க்கலாம்" என்பதற்குச் சாக்காக அவற்றை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கேட்கும் திறனை எப்போதும் முதலில் உறுதி செய்யுங்கள். பேச்சு வரவில்லை என்று வந்த குழந்தைக்கு முழுமையான செவித்திறன் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று அறிக்கையைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். "பார்த்தாயிற்று" என்ற வாய்ச்சொல் போதாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல்கட்டப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் இடையீட்டைத் தொடங்குதல் என்ற 1-3-6 வரிசையைச் செவித்திறன் துறையினர் இலக்காக வைத்திருக்கிறார்கள். வரிசையில் எந்த இடத்தில் குழந்தை விடுபட்டது என்று தெரிந்தால், அடுத்த தொலைபேசி அழைப்பு யாருக்கு என்பதும் தெரிந்துவிடும்.

சில அறிகுறிகளுக்கு உங்கள் வரிசைப்பட்டியல் பொருந்தாது. ஏற்கெனவே வந்த பேச்சோ நடையோ குறையத் தொடங்குவது, கைக்குழந்தையின் உடல் திடீர் திடீரென்று மடங்கி வெட்டுவதும் அது தொடர்ச்சியாகப் பல முறை வருவதும், உணவு விழுங்கும்போது அடிக்கடி புரையேறி மூச்சுத் திணறுவது ஆகியவற்றைக் கேட்டவுடன் குழந்தையை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டம் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

மற்றபடி, நோயின் பெயர் உறுதியாகும் வரை சேவையைத் தொடங்காமல் காத்திருப்பது இந்தத் துறையின் மிகப் பழைய தவறு. சில நாடுகளில் சட்டமே காலக்கெடு விதிக்கிறது. அமெரிக்காவில் பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் மதிப்பீடு முடிந்து குடும்பத்துடனான முதல் திட்டக் கூட்டம் நடக்க வேண்டும். உங்கள் இடத்தில் அப்படி விதி இல்லையென்றாலும், நீங்களே ஒரு தேதியைக் குறித்துக் குடும்பத்திடம் சொல்லிவிடுங்கள்.

அந்த வீட்டின் ஒரு நாள்

முதல் வீட்டுச் சந்திப்பில் வினாப்பட்டியலை மூடி வைத்துவிட்டு, நேற்றைய நாள் எப்படிப் போயிற்று என்று கேளுங்கள். குழந்தை எப்போது எழுந்தது, யார் தூக்கினார்கள், குளிக்கும்போது என்ன செய்தது, சாப்பாட்டு நேரம் எப்படி இருந்தது, வெளியே கிளம்பும்போது என்ன நடந்தது, யார் பக்கத்தில் படுத்தது என்று காலை முதல் இரவு வரை வரிசையாகக் கேட்டு வந்தால், எந்தப் படிவத்திலும் வராத செய்திகள் வெளிவரும். ஒவ்வொரு வேளையிலும் மூன்றைக் கவனியுங்கள்: குழந்தை அதில் எந்த அளவுக்கு ஈடுபடுகிறது, எவ்வளவைத் தானே செய்கிறது, மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறது. கடைசியாக, அந்த வேளை தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பெற்றோரைக் கேளுங்கள். குளியல் நேரம் இருவருக்கும் இன்பமாக இருந்தால், சொற்களைக் கற்றுக்கொடுக்கும் இடம் அதுதான். சாப்பாட்டு வேளை மூன்று நேரமும் அழுகையில் முடிந்தால், வல்லுநர் அறிக்கையில் வேறு எது முதலில் இருந்தாலும் குடும்பத்துக்கு முதல் தேவை அதுவே.

இந்த உரையாடலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அது வீண்போவதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம் உறங்குகிறது என்று வைத்துக்கொண்டாலும், வாரத்தில் 70 மணி நேரமாவது விழித்திருக்கிறது. பயிற்சியாளர் அதில் ஒரு மணி நேரம் மட்டுமே உடன் இருக்கிறார். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போடும் திட்டம் அந்த ஒரு மணி நேரத்துக்கான திட்டமாகவே நின்றுவிடும்.

அதே சந்திப்பில், குடும்பத்தைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்பதையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நடுவில் குடும்பத்தை எழுதி, சுற்றிலும் உறவினர், நண்பர், வேலையிடம், மருத்துவமனை ஆகியவற்றை எழுதி, உறுதியான துணைக்குத் தடித்த கோடும் மன உளைச்சல் தரும் உறவுக்கு விட்டுவிட்டு வரும் கோடும் போட்டால், இரவு பதினொரு மணிக்கு அந்தத் தாய் யாரை அழைக்க முடியும் என்பது தாளிலேயே தெரியும். கோடே இல்லாத வீடுகளும் உண்டு. நீங்கள் பேசும் மொழி தெரியாத குடும்பமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

இலக்கும் முதன்மை வல்லுநரும்

"தசை இறுக்கத்தைக் குறைத்தல்" என்று திட்டத்தில் எழுதினால் அது யாருடைய இலக்கு? "குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடும்போது, பத்து நிமிடம் சாய்மானத்துடன் உட்கார்ந்து, ஒரு கையால் உணவை எடுத்து வாயில் வைக்கும், தொடர்ந்து ஒரு வாரம், நாளுக்கு ஒரு வேளையாவது" என்று எழுதினால், அது நடந்ததா இல்லையா என்பதைப் பாட்டியும் சொல்லிவிடுவார். இலக்கை எந்த வேளையில், யாருடன், எவ்வளவு என்ற மூன்றும் தெரியும்படி பெற்றோரின் சொற்களில் எழுதுங்கள். முன்னுரிமை வரிசையைப் பெற்றோரே போடட்டும். குழந்தையைப் பற்றியதாக இல்லாத இலக்குகளுக்கும் இடம் கொடுங்கள். தந்தை வேலைக்குத் திரும்புவது, தாய் வாரம் ஒரு முறை தடையின்றி உறங்குவது ஆகியவையும் திட்டத்தில் இடம்பெறலாம்.

பிறகு, ஐந்து வல்லுநர்களில் ஒருவரை முதன்மையானவராகத் தேர்ந்தெடுங்கள். குடும்பத்தைத் தொடர்ந்து சந்திப்பவர் அவர். மற்றவர்கள் தேவையான போது அவருடன் சேர்ந்து வருவார்கள். குழந்தையைத் தொட்டுப் பயிற்சி தருவதைவிட, அன்றாட வேளைகளில் என்ன செய்யலாம் என்று பெற்றோருக்குக் காட்டி, அவர்கள் செய்வதைப் பார்த்து, திருத்தம் சொல்வதே அவருடைய முக்கிய வேலை. இந்த ஏற்பாட்டில் சேவை குறைந்துவிடுமோ என்று சில பெற்றோர் அஞ்சுவார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆகவே மற்ற வல்லுநர்கள் எப்போது, எதற்காக வருவார்கள் என்பதைத் தேதியுடன் எழுதிக் கொடுங்கள்.

முரண்பட்ட அறிவுரைகளைத் தீர்த்து வைப்பதும் உங்கள் கடமையே. வீட்டில் இரண்டு மொழிகள் பேசும் குடும்பத்திடம் ஒருவர் "ஒரே மொழியில் பேசுங்கள்" என்றும், மற்றவர் "உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில் பேசுங்கள்" என்றும் சொல்வது அடிக்கடி நடக்கிறது. இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்பதையே ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இங்கே இரண்டாமவர் சொல்வதே சரி. ஆனால் அதைக் குடும்பத்தின் முன் விவாதிக்காமல், இரு வல்லுநர்களும் தங்களுக்குள் பேசி ஒரே பதிலுடன் வரச் செய்யுங்கள்.

தொடர்ந்து பார்ப்பது

பரிந்துரைக் கடிதம் அனுப்பியதோடு வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதாதீர்கள். அனுப்பிய தேதி, அவர்கள் பெற்றுக்கொண்ட தேதி, குழந்தையை முதன்முறை பார்த்த தேதி, அறிக்கை வந்த தேதி என்ற நான்கு கட்டங்களும் நிரம்பினால்தான் ஒரு பரிந்துரை முடிந்தது. இரண்டாவது கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் இடையில்தான் பெரும்பாலான குழந்தைகள் தவறிப்போகிறார்கள் என்பது என் அனுபவம். அறிக்கைகளைப் பகிர்வதற்கு முன், எதை, யாரிடம் என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறுங்கள். குழந்தைக்குப் பிடித்தவை, தற்போதைய இலக்குகள், மருந்துகள், ஒவ்வாமை, அழைக்க வேண்டிய ஆள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதிப் பெற்றோரிடம் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு புதிய அறையிலும் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லும் துன்பம் குறையும்.

ஒரு குடும்பம் மூன்று சந்திப்புகளுக்கு வரவில்லையென்றால் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவது எளிது. சந்திப்பு குழந்தை தூங்கும் நேரத்தில் இருக்கிறதா, பயணச் செலவு தாங்கவில்லையா, கடந்த முறை யாராவது மனம் நோகப் பேசினார்களா என்று கேளுங்கள். திட்டத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது முழுமையாகப் பரிசீலியுங்கள். அந்தக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியவர்கள் பெற்றோர்.

மூன்று வயதை நெருங்கும்போது சேவை வேறு கைகளுக்கு மாறும். வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுபோய், குழந்தை ஒரு வகுப்பறைக்குச் செல்லப்போகிறது. ஒன்பது மாதத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்கி, புதிய ஆசிரியரைப் பெற்றோர் நேரில் சந்திக்க வழி செய்து, எந்த நாற்காலியில் உட்கார்கிறது, எப்படிக் கேட்டால் பதில் தருகிறது என்பதுபோன்ற சிறு செய்திகளையும் எழுதிக் கொடுங்கள். பள்ளி தொடங்கி ஒரு மாதம் ஆனபின் பெற்றோரையும் ஆசிரியரையும் தனித்தனியே அழைத்துப் பேசுங்கள். அதுவரை கோப்பை மூட வேண்டாம்.