தாத்தா சயாமுக்குப் போனவரா? இழப்பீட்டு விண்ணப்பப் பாரத்தைத் தொடும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் பலர் கேட்பது இது: "இரண்டாம் உலகப் போரில், ஜப்பான்காரன் காலத்தில், தாத்தாவை ரயில் பாதை போடச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோனார்கள். பிரிட்டன் காசு கொடுத்ததாமே, நமக்கும் உண்டா?"

படி 1: தாத்தா எந்த வகை?

இங்கே அவசரப்படாதீர்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. படையில் இருந்து பிடிபட்டவர் போர்க்கைதி. சிங்கப்பூரின் சாங்கி சிறை போன்ற இடங்களில் அடைபட்ட பொதுமக்கள் இன்னொரு வகை. தோட்டத்தில் பெயர் எழுதி லாரி ஏற்றப்பட்டவர் கட்டாயத் தொழிலாளி. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதைக்கு மலாயாவிலிருந்து 75,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலோர் தமிழர். அவர்கள் எல்லாரும் மூன்றாவது வகைதான். தாத்தா பிரிட்டிஷார் நடத்திய தொண்டர் படையில் இருந்தாரா என்று மட்டும் பாட்டியிடமோ பெரியப்பாவிடமோ கேட்டுவிடுங்கள்; அப்படியென்றால் கதை வேறு.

படி 2: திட்டத்தின் விதியைப் படியுங்கள்

பிரிட்டன் 2000 நவம்பரில் தலைக்கு 10,000 பவுண்டு அறிவித்தது. அப்போது உயிரோடு இருந்த கைதிக்கு, அவர் இல்லையென்றால் கணவருக்கோ மனைவிக்கோ. பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. பொதுமக்கள் என்றால் தாமோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிட்டனில் பிறந்திருக்க வேண்டும் என்றும் விதி வைத்தார்கள்; அது இனப் பாகுபாடு என்று லண்டன் நீதிமன்றமே பின்னால் தீர்ப்பளித்தது. கட்டாயத் தொழிலாளிக்கு அதில் இடமே இல்லை. ஆகவே "பாரம் நிரப்பித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று யாராவது வந்தால், எந்த நாட்டுத் திட்டம், எந்த வகைக்கு என்று கேளுங்கள். பதில் வராது.

படி 3: அப்படியானால் ஜப்பான்?

ஜப்பானுடன் போட்ட 1951 சான் பிரான்சிஸ்கோ சமாதான ஒப்பந்தத்தில் பிரிட்டன் இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. மலாயா அப்போது அதன் கையில். 1967-இல் மலேசியாவுடன் ஜப்பான் தனி ஒப்பந்தம் போட்டு, 294 கோடி யென் மதிப்புக்குப் பொருளும் சேவையும் தந்தது. அது கப்பலாக வந்தது. ரயில் பாதை போட்டவனுக்குக் கப்பல்! தனி ஆள் கைக்கு ஒரு காசும் வரவில்லை.

படி 4: கோப்பு ஒன்று போடுங்கள்

காசு இல்லாவிட்டாலும் இதைச் செய்யலாம். ஜேபிஎன்-இல் (தேசியப் பதிவுத் துறை) தாத்தாவின் இறப்புச் சான்று கேளுங்கள், பெயரின் எழுத்து வேறுபாடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்தின் பழைய பெயர் முக்கியம், கை மாறிய தோட்டங்கள் ஏராளம். பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) தோட்டக் கிராணி, அதாவது எழுத்தர், வீட்டில் கிடந்தாலும் கிடக்கும், விசாரியுங்கள். கூடப் போனவர்கள் யார், யார் திரும்பவில்லை என்பதை வயதானவர்கள் சொல்லும்போது கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஒரு நகலை ஆர்க்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.