பழைய வால்வு ரேடியோ: கண்டன்சர் மாற்றிய பிறகும் பாடவில்லையா?

தோட்டத்துச் சாளையின் அட்டாலியிலிருந்து இறக்கிய வால்வு ரேடியோ கரகரத்தாவது பாடிக்கொண்டிருந்தது. உப்பிப்போன கண்டன்சர்களை எல்லாம் மாற்றிய பிறகு உறுமல் மட்டும் வருகிறது. அல்லது அதுவும் இல்லை. இந்தக் கட்டத்தில் பலரும் வால்வு தேடி கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். போக வேண்டாம். நீங்கள் பெட்டியைத் திறந்த அதே நாளில் வால்வும் செத்திருக்கும் என்று நம்பக் காரணமில்லை. நீங்கள் ஈயம் வைத்த இடங்களிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

1. வால்வின் பெயரைப் படியுங்கள்

இசிஎச் 81, இஎல் 84, இஇசட் 80 என்று பெயர் ‘இ’யில் தொடங்கினால் ஹீட்டருக்கு (வால்வைச் சூடேற்றும் இழைக்கு) 6.3 வோல்ட், பெரும்பாலும் உள்ளே மெயின் டிரான்ஸ்பார்மர் இருக்கும். யுசிஎச் 81, யுஎல் 84, யுஒய் 85 என்று ‘யு’வில் தொடங்கினால் டிரான்ஸ்பார்மர் இல்லாத ஏசி/டிசி செட். அதன் சேஸிஸ் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) மெயினின் ஒரு கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் பேஸ் மின்சாரம் சேஸிஸுக்கே வந்துவிடும். செட்டை மெயினிலிருந்து பிரித்துவைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் புதியவர்கள் அதைத் தொடக் கூடாது.

‘இ’ வகையிலும் ஒரு சோதனை உண்டு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி, ரேடியோவின் சுவிட்சைப் போட்டுவிட்டு, மின்சாரம் வரும் இரண்டு முள்ளுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஓம் அளங்கள். மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும். குறைந்த ஓம் காட்டினால் அது மெயினும் சேஸிஸும் பிரியாத ஆட்டோ டிரான்ஸ்பார்மர் செட்டாக இருக்கலாம். ‘யு’ வகைக்கான எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். இனி வருவதெல்லாம் இந்தச் சோதனையில் தேறிய செட்டுகளுக்கு மட்டும்.

2. மின்சாரம் இல்லாமல் ஒரு பார்வை

பிளக்கைக் கழற்றினாலும் பெரிய பில்டர் கண்டன்சரில் 250 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றை அதன் இரு முனைகளிலும் சில நொடிகள் பிடித்து வடித்துவிட்டு, மீட்டரில் பூஜ்யம் வந்ததா என்று பாருங்கள். ஸ்குரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல.

பிறகு மாற்றிய ஒவ்வொரு எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் பிளஸ், மைனஸ் சரிதானா என்று பாருங்கள். 50 மைக்ரோ பாரட் கிடைக்கவில்லை என்று 220 போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஏசியை டிசியாக்கும் ரெக்டிபயர் வால்வான இஇசட் 80-க்கு அடுத்து வரும் முதல் கண்டன்சர் 50 மைக்ரோ பாரட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரெக்டிபயர் வால்வின் ஆயுள்தான் குறையும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய தகரக்குப்பி கண்டன்சரின் மைனஸ் எல்லா செட்டிலும் சேஸிஸில் சேர்ந்திருக்காது. சில செட்டுகளில் குப்பியின் அடியில் காகித வளையம் வைத்து, சேஸிஸில் படாமல் பொருத்தியிருப்பார்கள். மைனஸ் ஒரு சிறிய ரெசிஸ்டன்ஸ் வழியாகத்தான் சேஸிஸுக்குப் போகும். அந்த ரெசிஸ்டன்ஸில் விழும் சில வோல்ட்தான் அவுட்புட் வால்வின் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசி வால்வு) கிரிட்டுக்கு நெகட்டிவ் பயாஸ், அதாவது வால்வின் ஓட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் மின்னழுத்தம். இது தெரியாமல் புதிய கண்டன்சரின் மைனஸை நேராகச் சேஸிஸில் பற்றவைத்தால் பயாஸ் போய்விடும். ஒலி சிதையும், வால்வு கொதிக்கும். பழைய வளையம் இருக்கிறதா என்று பார்த்து, மைனஸ் முன்பு எங்கே போனதோ அங்கேயே கொண்டுபோங்கள்.

3. சீரிஸ் லேம்ப் வழியாக மின்சாரம்

60 வாட் குண்டு பல்பு ஒன்றை பேஸ் கம்பியில் தொடராகக் கோத்து ரேடியோவை இயக்குங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. முதலில் ரெக்டிபயர் வால்வைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். அப்போதே பல்பு பளிச்சென்று எரிந்தால் டிரான்ஸ்பார்மரிலோ ஹீட்டர் கம்பியிலோ ஷார்ட். மங்கலாக இருந்தால் அணைத்து, ரெக்டிபயரைச் செருகி மறுபடி போடுங்கள். வால்வு சூடேறியதும் பல்பு பிரகாசமாகி அப்படியே நின்றால் பில்டர் பக்கம் ஷார்ட் அல்லது கண்டன்சர் தலைகீழ், உடனே அணையுங்கள். சற்றுப் பிரகாசித்து மங்கினால் பல்பை நீக்கிவிட்டு நேராகக் கொடுக்கலாம்.

4. அவுட்புட் வால்வில் நான்கு அளவுகள்

மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிடுங்கள். ஒரு கை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். சாக்கெட்டை அடிப்பக்கத்திலிருந்து பார்த்து, பின் (வால்வின் கால்) இல்லாத இடைவெளியில் தொடங்கி வலஞ்சுழியாக எண்ண வேண்டும். கீழே உள்ளவை இஎல் 84-க்கு உரியவை.

பின் 9, ஸ்கிரீன்: சுமார் 250 வோல்ட். பின் 7, ஆனோடு: அதைவிடச் சற்றுக் குறைவு. ஒன்பதில் இருந்து ஏழில் இல்லை என்றால் அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிரைமரி சுருள் அறுந்திருக்கிறது. ஸ்கிரீன் சிவக்கும் முன் அணைத்துவிடுங்கள். நம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பம்ப்செட் மோட்டார் கட்டிப் பழகிய கைக்குத் தலைமுடி போன்ற இந்தக் கம்பி ஒத்துவருவதில்லை. சுமார் 5 கிலோ ஓம் பிரைமரி உள்ள வேறொன்றைத் தேடுவதே நல்லது.

பின் 3, கேத்தோடு: கேத்தோடு ரெசிஸ்டன்ஸ் உள்ள செட்டில் 7 வோல்ட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டி வால்வும் கடுமையாகச் சுட்டால், அங்கே போட்ட சிறிய எலக்ட்ரோலிட்டிக் ஷார்ட்.

பின் 2, கிரிட்: இதுதான் எனக்கு முக்கியமான அளவு. பூஜ்யமோ, பயாஸ் ரெசிஸ்டன்ஸ் உள்ள செட்டில் நெகட்டிவோ காட்ட வேண்டும். ஒரு வோல்ட் பிளஸ் காட்டினாலும் கோளாறுதான். முந்தைய வால்வின் ஆனோடிலிருந்து வரும் 0.01 மைக்ரோ பாரட் கப்ளிங் கண்டன்சரின் கிரிட் பக்க முனையை, மின்சாரத்தை நிறுத்தி, கழற்றிவிட்டு, மறுபடி மின்சாரம் கொடுத்து அளங்கள். பிளஸ் மறைந்தால் கண்டன்சர் கசிகிறது. 630 வோல்ட் பாலியஸ்டர் ஒன்று போடுங்கள். மறையவில்லை என்றால் மட்டுமே வால்வைச் சந்தேகிக்கலாம். மெழுகு பூசிய பழைய காகிதக் கண்டன்சரை “பார்க்க நன்றாக இருக்கிறதே” என்று விட்டுவைத்தவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

5. உறுமல் உண்டு, நிலையம் இல்லை

பின்பக்கம் பிக்கப் (கிராமபோன் இணைப்பு) என்று எழுதிய துளைகள் இருந்தால், சார்ஜரில் செருகாத கைப்பேசியிலிருந்து பாட்டைக் கொடுத்துப் பாருங்கள். பாடினால் ஒலிப்பகுதி நலம். கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது.

அடுத்து, நிலையத்தின் அலையோடு கலப்பதற்காக ரேடியோ தானே உண்டாக்கும் அலையான லோக்கல் ஆசிலேட்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு பாக்கெட் டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். கோவை வானொலியின் மத்திய அலை 999 கிலோஹெர்ட்ஸ். அந்தக் கலப்பில் கிடைக்கும் இடைநிலை அலைவரிசை (ஐ.எஃப்.) 455 கிலோஹெர்ட்ஸ் உள்ள செட்டில், முள் 999-இல் நிற்கும்போது ஆசிலேட்டர் 1454-இல் ஓட வேண்டும். டிரான்சிஸ்டரை அருகில் வைத்து 1450 அளவில் நிறுத்தி, வால்வு ரேடியோவின் குமிழை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் டிரான்சிஸ்டரின் இரைச்சல் சட்டென்று அடங்கினால் ஆசிலேட்டர் உயிரோடு இருக்கிறது. அடங்கவே இல்லை என்றால் இசிஎச் 81 வால்வின் மின்னழுத்தங்களையும் பேண்ட் ஸ்விட்சின் அழுக்கையும் கவனியுங்கள்.

ஐ.எஃப். கேன்களின் (உலோக உறைக்குள் இருக்கும் சுருள்கள்) கோர்களை மட்டும் திருப்பாதீர்கள். பில்டர், கப்ளிங் கண்டன்சர்களை மாற்றியதால் அலைன்மென்ட் (அலைவரிசைப் பொருத்தம்) கெடுவதில்லை. ஸ்குரூடிரைவர் பட்டால் கெடும்.

நிலையம் கிடைத்தும் இரைச்சல் தாளவில்லை என்றால், பெட்டியை மறுபடி பிரிக்கும் முன் வீட்டிலுள்ள எல்.இ.டி. பல்புகளையும் கைப்பேசி சார்ஜர்களையும் அணைத்துப் பாருங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடு என்றால், விசைத்தறி நிற்கும் நேரத்தில் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.