ஹாலோவீன் இரவுக்கு முற்றத்தில் ஒரு பேய்க் கல்லறை

மேலை நாட்டுப் பேய்த் திருவிழாவான ஹாலோவீனில், அக்டோபர் 31 அன்று இரவு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகளை அச்சுறுத்த, கடையில் விற்கும் பொம்மைகளைவிட வீட்டில் செய்த கல்லறைக் கற்களே அதிகம் உதவும். சுமார் 5 செ.மீ. தடிமனுள்ள தெர்மாகோல் பலகையைக் கல்லின் வடிவில் வெட்டி, எழுத்துகளைக் கத்தியால் குடைந்து, நீரில் கரையும் சாம்பல் நிறப் பெயின்ட்டைப் பூச வேண்டும். ஸ்பிரே பெயின்ட்டில் உள்ள கரைப்பான் தெர்மாகோலை அரித்துவிடும் என்பதால், அதை நேரடியாக அடிக்கக் கூடாது. பூச்சு உலர்ந்தபின், தண்ணீர் கலந்த கறுப்புப் பெயின்ட்டை மேலிருந்து வழியவிட்டால், பல ஆண்டு மழையில் நனைந்த கல்லின் கறை தானாகவே வந்துவிடும். காற்றில் சாயாதிருக்க, அடியில் இரும்புக் கம்பியைச் செருகித் தரையில் ஊன்றுங்கள்.

ஆவி உருவத்துக்குக் கோழிக்கூண்டுக்கான கம்பி வலையை மனித வடிவில் வளைத்து, மெல்லிய வெள்ளைத் துணியைப் போர்த்தினால் போதும். உண்மையில் அச்சத்தை உண்டாக்குவது விளக்குதான்: முற்றம் முழுவதற்கும் ஒளியூட்டாமல், பச்சை அல்லது நீல எல்இடி விளக்குகளைத் தரையில் வைத்து உருவங்களின் மீது கீழிருந்து ஒளி பாய்ச்சினால், நிழல்கள் வழக்கத்துக்கு மாறாக விழுந்து முகங்கள் கோரமாகும். புகை இயந்திரத்தின் புகையைப் பனிக்கட்டி நிரப்பிய பெட்டி வழியாகச் செலுத்தினால், அது குளிர்ந்து தரையை ஒட்டியே தவழும். துணிகளுக்கு அருகில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்; பிள்ளைகள் நடக்கும் பாதையின் குறுக்கே மின்கம்பியும் கிடக்கக் கூடாது.