பிரிக்பீல்ட்சிலிருந்து அலுவலக மேசை வரை: பார்வையற்றோரை வேலைக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

கோலாலம்பூரில் பார்வையற்றோருக்கான வேலை என்று பேச்செடுத்தால், நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிரிக்பீல்ட்சில் உள்ள மசாஜ் நிலையங்கள்தாம். அதில் தவறில்லை. 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இயங்கி வருகிறது. அதன் கர்னி பயிற்சி மையத்தில் தொழில் கற்று, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் பலர். ஆயினும், ஒரு சமூகத்தினர் பெரும்பாலும் ஒரே தொழிலை நம்பி வாழும்போது என்ன நேரும் என்பதை 2020 மார்ச் 18ஆம் நாள் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காட்டியது. தொட்டுச் செய்யும் தொழில்கள் நின்றுபோக, அன்றாட வரும்படியை நம்பியிருந்த வீடுகளில் அடுப்பெரிவதே கடினமாயிற்று. அதே நாள்களில் கணினியைக் கொண்டு வேலை செய்யக் கற்றிருந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே வேலையைத் தொடர முடிந்தது.

ஐந்தாம் படிவம் முடித்த பார்வையற்ற பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வது என்று தவிக்கும் பெற்றோருக்காகவும், நடுவயதில் பார்வையை இழந்தவரின் குடும்பத்தாருக்காகவும், இவர்களுக்கு உதவ எண்ணும் ஆலய நிர்வாகத்தினர், சங்கத்தினர், சிறுதொழில் முதலாளிகள் ஆகியோருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: பயிற்சியை முதலில் தேடாதீர்கள், வேலையை முதலில் தேடுங்கள். எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டு, சான்றிதழ் கைக்கு வந்த பிறகு வேலையைப் பற்றி யோசிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இன்ன அலுவலகத்தில் இன்ன பணி என்று ஓரளவேனும் முடிவு செய்தபின், அந்தப் பணிக்கு எது தேவையோ அதைக் கற்பதுதான் காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும்.

முதலில் ஆவணம். சமூகநல இலாகாவில் பதிந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டை பெறாதவருக்குப் பின்வரும் உதவிகளில் பல எட்டாது. கண் மருத்துவர் உறுதிப்படுத்திய படிவம் அதற்கு வேண்டும். கண்ணாடி அணிந்த பிறகும், இரு கண்களில் நன்றாகத் தெரியும் கண்ணின் பார்வை 3/60க்குக் (இயல்பான பார்வையுள்ளவர் 60 மீட்டரில் காண்பதை 3 மீட்டரில் காண்பது) குறைவாகவோ, பார்வைப் புலம், அதாவது தலையைத் திருப்பாமல் தெரியும் பரப்பு, 10 பாகைக்குக் குறைவாகவோ இருந்தால் அது பார்வையின்மை என்றும், 6/18க்கும் குறைந்து 3/60 வரை இருந்தால் அது குறைந்த பார்வை என்றும் வகைப்படுத்தப்படுகிறது. இது வெறும் எண் விவகாரமன்று. எஞ்சியிருக்கும் பார்வையைப் பயன்படுத்தி, எழுத்தைப் பெரிதாக்கியும் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றியும் படிக்கக்கூடியவருக்கு ஒருவகைப் பயிற்சி. முழுவதும் செவியாலும் விரலாலும் படிப்பவருக்கு வேறுவகைப் பயிற்சி. இரண்டையும் ஒரே வகுப்பில் அடைத்தால் இருவருக்குமே பயன் குறையும்.

நடுவயதில் பார்வை இழப்பவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தில் இவர்கள் குறைவல்லர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அந்த அளவு இன்னும் அதிகம். நீரிழிவு விழித்திரையைத் தாக்கும்போது, இருபது ஆண்டு அனுபவம் உள்ள கணக்கரோ கிடங்கு மேற்பார்வையாளரோ சில மாதங்களுக்குள் திரையில் உள்ளதைப் படிக்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார். அப்போது அவர் செய்யும் முதல் காரியம், வெட்கத்தாலோ மேலாளரின் மென்மையான வற்புறுத்தலாலோ, பதவி விலகல் கடிதத்தில் கையெழுத்திடுவது. தயவுசெய்து அதைத் தடுத்து நிறுத்துங்கள். புதிய இடத்தில் புதியவராக நுழைவதைவிட, தன்னை அறிந்த இடத்தில் வேறு முறையில் அதே வேலையைச் செய்வது பல மடங்கு எளிது. சொக்சோ எனப் பழகிய, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ, 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. சந்தா செலுத்திவந்த தொழிலாளி நோயாலோ விபத்தாலோ உடல்திறன் இழக்கும்போது, மறுவாழ்வுச் சிகிச்சை, கருவிகள், முதலாளியுடன் பேச்சு ஆகியவற்றில் அத்திட்டத்தின் அலுவலர் துணைநிற்பார். வேலையில் இருக்கும்போதே அவர்களை அணுகுவது நல்லது. கடிதம் கொடுத்தபின் போனால் வழிகள் சுருங்கிவிடும்.

அடுத்தது நடை. வெள்ளைப் பிரம்புடன் தனியே பயணம் செய்யும் பயிற்சியைக் குடும்பத்தினர் பெரும்பாலும் தள்ளிப்போடுகிறார்கள். அண்ணன் காரில் கொண்டுபோய் விடுவார், அம்மா கூடவே வருவார் என்கிறார்கள். நேர்காணலுக்கு அண்ணன் வருவார். ஆனால் ஆண்டுக்கு இருநூற்றைம்பது நாள் வருவாரா? முதலாளியின் மனத்தில் எழும் முதல் கேள்வியும் இதுவே, வாய்விட்டுக் கேட்காவிட்டாலும். ஆகவே இடம்பெயர்வுப் பயிற்சியை வேலைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கொள்ளுங்கள். வேலையிடம் முடிவானதும், வீட்டிலிருந்து எல்ஆர்டி நிலையம், அங்கிருந்து அலுவலகக் கட்டடம், மின்தூக்கி, மேசை, கழிவறை, சாப்பாட்டுக் கடை என்று அந்த ஒரு பாதையை மட்டும் பயிற்றுநருடன் ஒரு வாரம் திரும்பத் திரும்ப நடந்து பழகுவது போதும். ஊர் முழுவதும் நடக்கக் கற்ற பிறகுதான் வேலை என்று காத்திருக்கத் தேவையில்லை. பார்வையற்றோருக்கு வழிகாட்ட நடைபாதையில் மேடாகப் பதித்த தடக்கற்கள் திடீரென ஒரு கம்பத்திலோ நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளிலோ முடிவதும் இந்த நகரில் உண்டு என்பதால், மழை நாளிலும் ஒருமுறை அந்தப் பாதையில் போய்ப் பார்த்துவிடுங்கள். குடையும் பிரம்பும் ஒன்றாகக் கையாளப்படும்போதுதான் உண்மையான சிக்கல் தெரியும்.

இனி கணினி. எந்த அலுவலக வேலைக்கும் இதுதான் அடித்தளம் என்பதால் இதில் அவசரப்படக் கூடாது. திரையில் உள்ளதைக் குரலாக மாற்றும் திரை வாசிப்பான்களில் ஜாஸ் (JAWS) பழமையானது, விலையும் அதிகம். என்விடிஏ (NVDA) என்பது 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் தொடங்கிய இலவச மென்பொருள். விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் நிறுவலாம். பணம் இல்லை என்பதால் பயிற்சி தாமதமாக வேண்டியதில்லை. கைப்பேசியில் ஆண்ட்ராய்டுக்கு டாக்பேக்கும், ஐபோனுக்கு வாய்ஸ்ஓவரும் உள்ளேயே இருக்கின்றன.

பயிற்சியை விசைப்பலகையிலிருந்து தொடங்குங்கள். எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடுகளைச் சுட்டுவிரல்கள் தாமாகக் கண்டுபிடிக்கும்வரை வேறு எதுவும் வேண்டாம். சுட்டெலியை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்; அது இருக்கும்வரை உதவ வருபவர் அதைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தாமே முடித்துவிடுவார். பிறகு இணையப்பக்கத்தில் தலைப்புகளைத் தாவ எச், பொத்தான்களுக்கு பி, அட்டவணைகளுக்கு டி என்னும் குறுக்கு விசைகளும், பக்கத்தில் உள்ள இணைப்புகளைப் பட்டியலாகக் காட்டும் இன்சர்ட், எஃப்7 விசைச் சேர்க்கையும் விரலில் ஏற வேண்டும். தேர்ந்தவர்கள் வாசிப்பானை எவ்வளவு வேகத்தில் ஓடவிடுகிறார்கள் என்றால், பக்கத்தில் நிற்பவருக்கு அது மொழியாகவே கேட்காது. அந்த வேகம் ஒரே நாளில் வராது. வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

தமிழ் பற்றி ஓர் இடைக்குறிப்பு. என்விடிஏ தமிழையும் மலாயையும் படிக்கும், குரல் சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும். ஆனால் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடு வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளைத் திறந்தால், வாசிப்பானுக்குத் தமிழே தெரியாது. பொருளற்ற ஆங்கிலக் குறிகளைத்தான் உச்சரிக்கும். முரசு அஞ்சல் என்னும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு இது. இங்குள்ள சங்கங்களின் பழைய கணினிகளில் அத்தகைய கோப்புகள் இன்னும் கிடக்கக்கூடும். பார்வையற்ற ஒருவரைச் செயலக வேலைக்கு அமர்த்த எண்ணும் அமைப்புகள் முதலில் தங்கள் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றட்டும். கடிதங்களைப் படமாக வருடி பிடிஎஃப் ஆக்கி அனுப்பும் பழக்கத்தையும் கைவிடட்டும்; அது வாசிப்பானுக்கு வெற்றுத்தாள்.

எந்த வேலை? மூன்று மொழி சரளமாக அறிந்த பிள்ளைக்கு வாடிக்கையாளர் சேவை மையம் இயல்பான தொடக்கம். மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றிலும் பேசக்கூடியவரை அத்தகைய மையங்கள் விரும்புகின்றன. அங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு: வாடிக்கையாளர் பேசுவதும் திரை வாசிப்பான் பேசுவதும் ஒரே நேரத்தில் காதில் விழும். ஒரு காதில் வாடிக்கையாளர், மறு காதில் வாசிப்பான் எனப் பிரித்துத் தரும், காதில் அணியும் ஒலிக்கருவி தேவை. இதைப் பயிற்சியிலேயே பழக்கிவிட வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளில் பழகத் தொடங்கினால் திணறிப்போவார். பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குதல், மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, மனநல ஆலோசனை, செயலிகள் பார்வையற்றோருக்கு ஏற்றவையா எனச் சோதித்தல் ஆகியவையும் கருதத்தக்கவை. அரசுப் பணியில் 1 விழுக்காடு இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்னும் கொள்கை 1988 முதல் உண்டு. பொதுச்சேவை ஆணையத்தில் விண்ணப்பிக்கும்போது ஓகேயு பதிவைத் தவறாமல் குறிப்பிடுங்கள், மலாய்த் தேர்ச்சியில் கவனமாயிருங்கள். மசாஜையே விரும்பித் தேர்ந்தெடுப்பவரைத் தடுக்க வேண்டியதில்லை. பயிற்சி மலேசியத் திறன் சான்றிதழோடு முடிகிறதா என்று மட்டும் சேரும் முன் கேளுங்கள். பினாங்கில் இருப்பவர்கள், 1926இல் மலாக்காவில் தொடங்கி 1931இல் பினாங்குக்கு இடம்மாறிய செயிண்ட் நிக்கலஸ் இல்லத்தை முதலில் அணுகலாம்.

முதலாளியிடம் பேசும் முறைதான் பலரும் சறுக்கும் இடம். ‘பாவம், ஏதாவது வேலை கொடுங்கள்’ என்று போகாதீர்கள். அப்படிக் கிடைக்கும் வேலை ஓரமாக உட்காரவைத்து மாதச் சம்பளம் தருவதாகவே முடியும். அதற்கு மாறாக, ஒரு பிரிவில் செய்யப்படும் பணிகளைத் தாளில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். மின்னஞ்சலுக்குப் பதில், வாடிக்கையாளரைத் தொலைபேசியில் நினைவூட்டுதல், விலைப்பட்டியல் தயாரித்தல், கையெழுத்துப் படிவங்களைப் பதிதல், பார்சல் பெறுதல் என்று பத்துப் பணிகள் இருந்தால், அவற்றில் ஏழு பணிகளைப் பார்வையற்றவர் தடையின்றிச் செய்யக்கூடும். மீதமுள்ள மூன்றை வேறொருவரிடம் மாற்றி, அவரிடமுள்ள தொலைபேசிப் பணியை இவரிடம் தரலாம். இந்தப் பேரத்தைக் கண்ணாரக் காட்டினால் முதலாளியின் அச்சம் பெரிதும் குறையும். அந்நிறுவனத்தின் மென்பொருளை வாசிப்பானுடன் முன்னதாகவே சோதிப்பதும் இன்றியமையாதது. ஒருமுறை நான் துணைநின்ற இளைஞர் ஒருவருக்கு எல்லாம் கூடிவந்து, முதல் நாள் காலையில்தான் அந்நிறுவனத்தின் கணக்கு மென்பொருளில் பொத்தான்கள் எதற்கும் பெயரில்லை என்பதும், வாசிப்பான் ‘பொத்தான், பொத்தான்’ என்று மட்டுமே சொல்லும் என்பதும் தெரியவந்தது. அரை மணி நேரச் சோதனையில் முன்பே பிடிபட்டிருக்க வேண்டிய பிழை அது. குற்றம் என்னுடையதே.

பணியிடத்தில் உடனிருந்து வேலையைப் பழக்கும் ‘ஜாப் கோச்’ முறையைச் சமூகநல இலாகா ஜப்பானிய ஒத்துழைப்புடன் இங்கே அறிமுகப்படுத்தியது; அத்தகைய பயிற்றுநர் கிடைப்பாரா என்று இலாகாவிலும் பெர்கேசோவிலும் கேளுங்கள். முதலாளிக்குச் சொல்ல வேண்டியவை: மாற்றுத்திறன் தொழிலாளிக்குத் தரும் சம்பளத்துக்கு வருமான வரியில் இரட்டைக் கழிவு உண்டு; அவருக்காக வாங்கும் கருவிகளின் செலவுக்கும் கழிவு உண்டு. தொழிலாளிக்குச் சொல்ல வேண்டியவை: 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் அவருக்கும் உரியது, ‘ஓகேயு என்பதால் ஆயிரம் போதும்’ என்பது செல்லாது. 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தால் உதவித்தொகை போய்விடும் என்று அஞ்சி வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. குறைந்த வருமானத்தில் வேலை செய்யும் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனி மாதாந்திர அலவன்ஸ் இருக்கிறது; வருமான வரம்பு மாறக்கூடியது என்பதால் நடப்பு விவரத்தை இலாகாவில் கேட்டறியுங்கள்.

சேர்ந்தபின் முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறையேனும் மேலாளரிடமும் வேலையில் சேர்ந்தவரிடமும் தனித்தனியே பேசுங்கள். நாற்காலி, குப்பைத்தொட்டி, காகிதப் பெட்டி ஆகியவற்றை நடைவழியில் வைக்க வேண்டாம் என்பதையும், மேசையை இடம்மாற்றினால் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சக ஊழியர்களுக்கு முதல் நாளே சொல்வது போதும். நீண்ட விழிப்புணர்வு உரை தேவையில்லை. அலுவலக வாட்சாப் குழுவில் அறிவிப்பைப் படமாகப் போடுபவர், கீழே இரண்டு வரி எழுதிவிட்டால் யாரும் எதையும் தவறவிட மாட்டார். இவற்றையெல்லாம்விட அதிகம் கவனிக்க வேண்டியது மென்பொருள் புதுப்பிப்பு. நேற்றுவரை ஒழுங்காகப் படித்த திரை, புதிய பதிப்பு வந்த காலையில் ஊமையாகிவிடும். அவரோ, தம்மைத் திறமையற்றவர் என்று மற்றவர்கள் எண்ணிவிடுவார்களே என அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் அன்று முழுவதும் தவிப்பார். ஆகவே புதுப்பிக்கும் முன் அவருடைய கணினியில் சோதிப்பது என்று கணினிப் பிரிவினரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவைத்து, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் அவர்களிடமே கேட்டுக் குறித்து வையுங்கள்.