மறைசாட்சிகளின் ஓவியத்தைப் பார்க்கும் முறை

ரோமில் தொடக்ககாலக் கிறிஸ்தவ மறைசாட்சிகள், அதாவது தம் நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள், அடைந்த துன்பத்தைத் தீட்டிய 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், நேரில் கண்டு வரைந்தவை போல நுணுக்கமாக இருப்பதாலேயே எளிதில் நம்மை ஏமாற்றிவிடும். ஆகவே, முதலில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியதை வாசித்துவிடுங்கள். கி.பி. 64இல் ரோம் நகரம் தீப்பற்றி எரிந்தபின் பழியைக் கிறிஸ்தவர்கள்மேல் போட்ட ரோமப் பேரரசன் நீரோ, சிலரை விலங்குத்தோல் போர்த்தி நாய்களுக்கு இரையாக்கியதையும், சிலரை இரவு விளக்குகளாக எரித்ததையும், அந்தக் காட்சிக்காகத் தன் தோட்டத்தையே திறந்துவிட்டதையும் அவர் சில வரிகளில் சொல்லி முடிக்கிறார்.

அடுத்து, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வால்டர்ஸ் கலைக்கூடத்திலுள்ள, பிரெஞ்சு ஓவியர் ழான் லியோன் ஜெரோமின் 'கிறிஸ்தவ மறைசாட்சிகளின் இறுதிச் செபம்' என்ற ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் நேராகச் சிங்கத்திடம் போய்விடுகிறார்கள். நீங்கள் மணலிலிருந்து தொடங்குங்கள். அதில் தேர்ச்சக்கரங்களின் தடங்கள் தெரியும். சற்றுமுன் பந்தயம் ஓடிய அதே களத்தில் அடுத்த நிகழ்ச்சியாகவே இந்தச் சாவும் நடக்கப்போகிறது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் உணர்த்துவது அந்தத் தடங்கள்தான். பிறகு சிலுவைகளில் எரிபவர்களையும், நடுவே நெருங்கி நின்று செபிக்கும் கூட்டத்தையும், அதன் பின்னரே நிலவறையிலிருந்து மேலேறிவரும் சிங்கத்தையும் பாருங்கள்.

இனி இடத்தைச் சரிபாருங்கள். இது ரோமின் தேர்ப்பந்தயக் களமான சர்க்கஸ் மாக்சிமஸ் என்றார் ஓவியர். ஆனால் இருக்கை வரிசைகள் ரோமின் வட்டரங்கமான கொலோசியத்தை ஒத்திருக்கின்றன, பின்னணிக் குன்றோ ரோமின் பாலடைன் குன்றைவிட ஏதென்ஸின் அக்ரோபோலிசையே நினைவூட்டுகிறது. கொலோசியம் திறக்கப்பட்டது கி.பி. 80இல், அதாவது நீரோ இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. வரைந்து தரும்படி 1863இல் கேட்கப்பட்டு, பலமுறை திருத்தி வரையப்பட்டு, 1883இல்தான் கேட்டவர் கைக்கு வந்த ஓவியம் இது. இருபது ஆண்டு உழைப்பிலும் இந்தக் கலப்பு நீங்கவில்லை என்பதால், அதை அவர் அறியாமல் செய்த பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

போலந்து ஓவியர் ஹென்றிக் சியெமிராட்ஸ்கியின் 'நீரோவின் தீப்பந்தங்கள்' (1876) வேறு பயிற்சி தரும். ஓவியர் கொடையாக அளித்த இந்தப் படத்திலிருந்துதான் போலந்தின் கிராக்கோவ் நகரத் தேசிய அருங்காட்சியகமே தொடங்கியது. மூல ஓவியம் ஏறத்தாழ ஏழு மீட்டர் அகலமுள்ளது; அதன் நல்ல சிறிய படப்பிரதி ஒன்றை மேசைமேல் விரித்து, வலது ஓரத்தை உள்ளங்கையால் மறையுங்கள். பல்லக்கில் நீரோ, சலவைக்கல் படிகள், பட்டாடையில் சாய்ந்திருக்கும் விருந்தினர் என்று ஓர் அரசவை விருந்து மட்டுமே எஞ்சும். கையை எடுத்தால், கம்பங்களில் கட்டப்பட்டுத் தீக்குக் காத்திருக்கும் மனிதர்கள் தெரிவார்கள். மீண்டும் இடப்பக்கம் திரும்பி, அந்த விருந்தினருள் எத்தனை பேர் அவர்களைப் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாக எண்ணுங்கள்.